கஞ்சி போடாத புடவை

எங்கள் வார்டனம்மாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. ஒரு மூட்டைப் பழந்துணி போதும்.

அவர் பெயர் கிருபாவதி. சித்தூரில் மிஷன் காலத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றும் அந்தப் பட்டம் போகவில்லை. போதகர்கூட ஜெபக்கூட்டத்தில் வாய் தவறி, 'வார்டனம்மாவுக்காக ஜெபிப்போம்' என்றுதான் சொல்லுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்கள் சபையில் யாருக்கும் வந்ததில்லை.

நான் தியோடர். சாமியானா, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்றும் சொந்தமாக இருக்கிறது. புயல், வெள்ளம், தீ விபத்து என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் வார்டனம்மா முதலில் போன் செய்வது எனக்குத்தான். வண்டிக்கு டீசல் அவர் போடுவார். வழி நெடுகத் திட்டும் அவரே கொடுப்பார். இரண்டும் தாராளமாக இருக்கும்.

உதவி செய்வதில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. கொடுத்தால் புதுசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். "தானம் குடுத்த மாட்ட பல்லப் புடிச்சிப் பாக்கலாமா" என்று ஒருமுறை சபைக் கமிட்டியில் யாரோ பழமொழி சொல்லிவிட்டார்கள். வார்டனம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏன் பாக்கக் கூடாது? பல்லு இல்லாத மாடு குடுக்கறவன்தான் அந்தப் பழமொழிய எழுதியிருப்பான்."

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல்காரராக இருந்தவர் அவருடைய நைனா. ஆறு வயதில் மகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் கடல் கடந்து பெட்டி பெட்டியாகப் பழைய உடுப்பு வரும். பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். கையில் எது விழுகிறதோ அது அவர்களுடையது. ஒரு வருடம் கிருபாவதிக்கு முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கம்பளி கவுன் ஒன்று விழுந்தது. சித்தூர் வெயிலில் கம்பளி! அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். பிறகு, அனுப்பியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். இங்கிலீஷ் தெரியாத பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக் குண்டு குண்டாக வரைந்து தள்ளுவார்கள். வீட்டிலிருந்து வந்து படிக்கிற பெண்கள் அந்தக் கவுனைப் பார்த்துச் சிரித்தது அறுபது வயது தாண்டியும் அவருக்கு மறக்கவில்லை.

அவர் வார்டனாக வந்த முதல் வருடமே அந்தப் பழக்கத்தை ஒழித்தார். கிறிஸ்துமஸுக்கு நாற்பது பிள்ளைகளுக்கும் நகரிக்குப் போய்த் தறிக்காரர்களிடம் துணி எடுப்பார். ஒவ்வொரு பிள்ளையையும் நிற்க வைத்து அளவெடுப்பார். என் தங்கை சந்தியா அந்த விடுதியில்தான் படித்தாள். டேப்பை வைத்துக்கொண்டு வார்டனம்மா நிற்பதைப் பார்த்தால் பரீட்சையை விட அதிகமாக நடுங்குவாளாம். ஆனால் கவுன் மட்டும் கச்சிதமாக இருக்கும் என்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிறர் கொடுத்த எதையும் அவர் அதற்குப் பிறகு கைநீட்டி வாங்கியதில்லை. ஓய்வு பெற்ற அன்று சபை போர்த்த நினைத்த பட்டுச் சால்வையைக்கூட, "எதுனா படிக்கிற பொண்ணுக்கு குடுங்க" என்று மேடையிலேயே திருப்பிவிட்டார். தனக்கென்று வைத்திருப்பது ஆறேழு பருத்திப் புடவை. தானே துவைத்து, தானே தைத்து, நூல் நூலாகத் தேயும்வரை கட்டுவார். அடுத்தவருக்குப் புதுசு, தனக்குப் பழசு. வேடிக்கையான ஆள்தான்.

கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த வருடம், நவம்பர் மாதம். மழை என்றால் அப்படி ஒரு மழை. திருப்பதியில் தெருவெல்லாம் ஆறு. நாராயணவனத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு குப்பம், எண்பது வீடு இருக்கும். ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து பாதிச் சுவர்களைக் கரைத்துவிட்டது. சனங்களை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சாப்பாடு வருகிறது, மாற்றிக் கட்டத்தான் துணி இல்லை என்று அங்கே சச்சிவாலயம் என்கிற கிராம அரசு அலுவலகத்தில் வேலை செய்கிற நர்ஸ் ரேகா வார்டனம்மாவுக்குப் போன் செய்தாள். ரேகாவும் அந்த விடுதியில் வளர்ந்த பெண்தான்.

செய்தி பரவி, மறுநாள் காலைக்குள் எங்கள் சபைக் கோயில் வராந்தாவில் ஒன்பது மூட்டை சேர்ந்துவிட்டது. அத்தனையும் பழந்துணி. அதில் இரண்டு மூட்டை என் வீட்டுக்காரி கேசியா கட்டியது. அவளுடைய பழைய பருத்திப் புடவைகள், என் பழைய வேட்டிகள், எல்லாம் துவைத்து மடித்தது. வார்டனம்மா வந்து ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தார்.

"இது இன்னா தியோடரு?"

"துணி வார்டனம்மா."

"துணின்னு தெரியுது. யாரு கட்னது?"

"நம்ம சனங்க கட்னதுதான். நல்லாத்தான் கீது, கிழிசல் ஒண்ணும் இல்ல."

"கிழியலன்னா நீங்களே கட்டிக்கினு இருக்க வேண்டியதுதான. வூடு போனவளுக்கு மானமும் போயிடுச்சின்னு நெனச்சியா? ஒரு மூட்ட வண்டியில ஏறக் கூடாது."

பக்கத்தில் நின்ற கேசியாவின் முகம் சுண்டிவிட்டது. வண்டியில் காலி இடம் நிறைய இருந்தது, ஒரு மூட்டையாவது போட்டுக்கொண்டு போகலாம் என்று தோன்றியது உண்மை. சொல்லியிருந்தால் நானும் வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பேன்.

மழையோடு மழையாக நகரிக்குப் போனோம். விசைத்தறி வைத்திருக்கிற தனசேகர், வார்டனம்மாவுக்கு இருபது வருடப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் கூலி, லாபம் எதுவும் பேசாமல் நூல் விலைக்கே தருகிறேன் என்றார். தறியிலிருந்து இறங்கி, கஞ்சி போட்டு மடித்த புடவைகள், அட்டை மாதிரி விறைப்பாக நின்றன. வார்டனம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்டரைப் பார்த்து நூற்றுப் பதினைந்து எடுத்தார். பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று ரேகா கணக்குச் சொல்லியிருந்தாள், மூன்று உபரி. ஆண்களுக்கு லுங்கி, பிள்ளைகளுக்குச் சட்டை, கடைசியாகப் பூப்போட்ட துண்டு இரண்டு டஜன். வண்டி கனத்துவிட்டது.

"கட்டிக்கட்டும்மா அந்த சனங்க, கல்யாணக் கூட்டம் மாரி ஆயிடும்" என்றார் தனசேகர். அவருக்கும் சந்தோஷம்.

புத்தூர் வழியாகப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. எங்களுக்குப் பின்னாலேயே ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். இனி நான்கைந்து மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி போகாது, இந்தப் பக்கம் ஆம்புலன்சும் வராது.

வார்டனம்மா துணி கொடுக்கிற விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வரிசை கிடையாது. பெயர் கூப்பிடுவது கிடையாது. என் சாமியானாக் கயிற்றை வகுப்பறையின் இந்தச் சன்னலுக்கும் அந்தச் சன்னலுக்கும் கட்டச் சொன்னார். புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பார்டர் தெரிகிற மாதிரி தொங்கவிட்டார். கரும்பலகைக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை எழும்பிவிட்டது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்.

டேப்லெட்டில் கணக்கெடுத்துக்கொண்டு நின்ற அரசாங்க வாலண்டியர் சுரேஷ்பாபுவுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், லைன்ல நிக்க வெச்சா அரை அவர்ல முடிஞ்சிபோவும்."

"உனக்கு இன்னா அவசரம்? பாலத்து மேல தண்ணி போய்க்கினு கீது, நீயும் எங்கயும் போவ முடியாது, நானும் போவ முடியாது. பொம்பளைங்க பொடவ எடுக்கட்டும்."

முதலில் பெண்கள் கதவோரத்திலேயே நின்றார்கள். மூன்று நாளாக வரிசையில் நின்று நின்று, கையை நீட்டுவதைத் தவிர வேறு எதுவும் மறந்துபோனது போல் இருந்தார்கள். பிறகு கமலம்மா என்று ஒரு நடுவயதுக்காரி உள்ளே வந்து ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் கலரு சாயம் போவுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், கூட்டம் உள்ளே வந்துவிட்டது. இது வேண்டாம் அது, அந்தப் பார்டர் அகலம், இதைக் கட்டினால் நான் கறுப்பாகத் தெரிவேன் என்று ஒரே சத்தம். ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி கேட்க, அவள் தரமாட்டேன் என்று இடுக்கிக்கொள்ள, சண்டைகூட வந்தது. வார்டனம்மா முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு மலர்ச்சி. "பாருங்கம்மா, நல்லா பல்லப் புடிச்சிப் பாருங்க" என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கமலம்மா கடைசியில் கிளிப்பச்சையில் ரோஸ் பார்டர் போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டாள். கண் கூசுகிற நிறம்.

பக்கத்துத் தோப்பிலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். உபரியும் போய்விட்டது. கயிறு காலி. சரியாகக் கணக்குப் போட்டு வந்தோம் என்று எனக்கும் கொஞ்சம் பெருமைதான். அப்போதுதான் ரேகா வந்து வார்டனம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

கோடி வகுப்பறையில் மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டு ஒரு பெண் படுத்திருந்தாள். துர்காதேவி. இருபத்து நாலு வயது, பி.காம் படித்தவள், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஐந்து நாளைக்கு முன்பு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, வீட்டுக்கு வந்த அன்றே வெள்ளம். குழந்தை அவள் ரவிக்கைக்கு மேலே, மார்போடு ஒட்டிக் கிடந்தது. அவளுடைய ஈர முந்தானை அதன்மேல் சுற்றியிருந்தது. அதன் பாதங்கள் வெளிறிக் கிடந்தன.

"ஒடம்பு சில்லுனு ஆவுது வார்டனம்மா" என்றாள் ரேகா. "காஞ்ச துணி சுத்தணும். துண்டு எடுத்தாந்து குடுத்தா வேணான்றா. நா சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன்."

வார்டனம்மா பூத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"இந்தா கண்ணு, புத்தம்புதுசு. ஒருத்தரும் தொடல."

"அதாம்மா வேணாம்" என்றாள் துர்காதேவி. "புதுசு வேணாம்."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். பதினோரு நாள் தீட்டுக் கழியும்வரை பிறந்த பிள்ளைமேல் புதுத்துணி படக்கூடாது. நல்லபடியாக வாழ்ந்தவர்கள் கட்டிப் பழகிய பழைய துணியைத்தான் சுற்ற வேண்டும். அவர்கள் ஆயுசு பிள்ளைக்கும் வரும் என்று நம்பிக்கை. மாசமாக இருக்கும்போதே பெண்கள் அதற்கென்று பழைய புடவையும் வேட்டியும் சேர்த்து வைப்பார்கள். துர்காதேவியும் சேர்த்து வைத்திருந்தாள். அந்த மூட்டை ஆற்றோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த மற்ற எல்லாருடைய பழந்துணியும் மூன்று நாளாக ஈரம் காயாமல் உடம்பிலேயே கிடந்தது. ரேகா போட்டிருந்தது நைலான் யூனிபார்ம். நான் போட்டிருந்தது பாலியெஸ்டர் பேன்ட், சட்டை. என் தோள் துண்டைக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். டீசல் நாற்றம் எனக்கே தாங்கவில்லை.

வார்டனம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? புள்ள குளுர்ல கெடக்குது, நீ சாங்கியம் பாத்துக்கினு கீற!"

துர்காதேவி கத்தவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு மொதல்ல ஒரு புள்ள பொறந்துச்சிம்மா. அண்ணன் பெங்களூர்லர்ந்து சட்ட வாங்கியாந்தான். அன்னிக்கே போட்டோம். ஒம்போதாம் நாளு போயிடுச்சி. நெஞ்சில சளின்னு சொன்னாங்க. ரேகா மேடமும் அதான் சொல்றாங்க. அவங்க சொல்றது கரெக்டா இருக்கும். ஆனா நா மறுபடியும் அத பண்ண மாட்டேன்."

வார்டனம்மா துண்டைத் தடவிப் பார்த்தார். கஞ்சி விறைப்பு உள்ளங்கையில் உரசியிருக்க வேண்டும். ஐந்து நாள் குழந்தையின் தோலுக்கு அது உப்புக் காகிதம்தான். அதை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒம்போது மூட்ட, தியோடரு" என்றார். "கேசியா தொவச்சி மடிச்சி வெச்சிருந்தா. நாந்தான் வேணாம்னுட்டேன்."

முப்பது வருடத்தில் வார்டனம்மா தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. 'நான் அப்பவே நினைத்தேன்' என்று சொல்ல எவ்வளவு அருமையான சந்தர்ப்பம்! அந்த முகத்தைப் பார்த்தபிறகு சொல்ல மனசு வரவில்லை.

குழந்தை லேசாக முனகியது. வார்டனம்மா குனிந்து அதன் பாதத்தை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். குனிந்தபோது அவர் முந்தானை சரிந்து துர்காதேவியின் கைமேல் விழுந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கப் போனவள், கொடுக்காமல் விரல்களுக்கு நடுவில் வைத்து நெருடினாள். பிறகு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது எத்தினி வருசத்துப் பொடவம்மா?"

"அது கெடக்குது, பத்து பன்னண்டு வருசம். கஞ்சிகூடப் போடறதில்ல."

"வெண்ண மாரி கீது" என்றாள் துர்காதேவி.

வார்டனம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டென்று நிமிர்ந்தார். முந்தானையை இழுத்துக்கொண்டார்.

"இது ஆவாது கண்ணு. எனக்குப் புள்ள குட்டி கெடையாது. கல்யாணமே கட்டிக்கல. உங்க மொறைக்கி இது ஒத்து வராது."

அவர் குரல் தழைந்துவிட்டது. அதற்கு முன்பு நான் கேட்டிராத குரல். கல்யாணம் ஆகாததைப் பற்றி அவர் வாயாலேயே ஒரு குறையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

துர்காதேவி விடவில்லை. "அப்ப இத்தினி வருசம் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்திங்க?"

"ஆஸ்டல் வார்டன்."

"எத்தினி புள்ளைங்கள வளத்திங்க?"

ரேகா சொன்னாள். "வருசத்துக்கு நாப்பது பேரு. முப்பத்து நாலு வருசம். அதுல நானும் ஒருத்தி."

துர்காதேவி கணக்குப் போட்டிருக்க மாட்டாள். அவளுக்கு வேண்டிய கணக்கு வேறு. வார்டனம்மாவின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அதுல எத்தினி தவறிச்சி?"

அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்க முடியும். சந்தியா எட்டாவது படிக்கும்போது விடுதியில் மஞ்சள்காமாலை வந்தது. பதினேழு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் வாசலில் கால் வைக்கவே பயந்தார்கள். இந்தப் பொம்பளை இரண்டு மாதம் விறகடுப்பில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் கொதிக்க வைத்து, ராத்திரி பகல் தூங்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையால் ஊட்டினார். சந்தியாவை நான் வீட்டுக்குக் கூட்டிவரப் போனபோது, அவள் எழுந்து நடந்து வந்தாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய எடை பாதியாகியிருந்தது.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் வார்டனம்மா. "கர்த்தர் புண்ணியத்துல ஒண்ணுகூட தவறல."

"அப்ப உங்க பொடவதாம்மா வேணும்" என்றாள் துர்காதேவி.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அங்கேதான் அடுத்த சிக்கல் என் மண்டையில் உறைத்தது. புடவையைக் கொடுத்துவிட்டு வார்டனம்மா எதைக் கட்டுவார்? கயிறு காலி. நூற்றுப் பதினைந்தும் தீர்ந்தாயிற்று. மூடிய கதவுக்குள்ளிருந்து ரேகாவின் குரல் வந்தது, அவளுக்கும் அதே யோசனை. அடுத்த நிமிஷம் பெண்கள் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்தார்களோ, ஏழெட்டு பேர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். எல்லார் கையிலும் சற்று முன் சண்டை போட்டு எடுத்த புடவை.

"என்னுது கட்டிக்கங்கம்மா."

"அவுளது வேணாம், இத கட்டுங்க. நா இன்னும் கட்டிக்கூட பாக்கல."

"ஒண்ணும் வேணாம்" என்று வார்டனம்மாவின் குரல் கேட்டது. பழைய அதட்டல். "போர்வ எதுனா இருந்தா குடுங்க, சுத்திக்கினு வண்டியில போய்க்கிறேன். உங்களுக்குக் குடுத்தத நா வாங்கக் கூடாது."

பட்டுச் சால்வையைத் திருப்பிய அதே குரல். சித்தூர் வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு வருவார், சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட பிடிவாதம்.

பிறகு கமலம்மா பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. நான் கதவில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

"மூணு நாளா வாங்கிக்கினே கீறோம்மா. சோறு வாங்கறோம், தண்ணி வாங்கறோம், பொடவ வாங்கறோம். வாங்கி வாங்கி கையே கூசுது. எங்க கையால ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கங்கம்மா."

வரிசையில் நின்ற பிள்ளைக்கு அந்தக் கூச்சம் தெரியாதா? உலகத்தில் வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவருக்குத் தெரியும். அதைப் போக்கத்தான் வாழ்நாள் முழுக்கப் புதுத்துணியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுத்துக்கொண்டே இருந்தாரே தவிர, அவர்கள் திருப்பிக் கொடுக்க ஒரு இடம் வைக்கவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் அது உறைத்தது.

"சரி, குடும்மா" என்றார் வார்டனம்மா.

அப்புறம் புடவை கிழிபடுகிற சத்தம் கேட்டது. சர்ர் சர்ர் என்று நேர்க்கோடாக, தேய்ந்த பருத்திக்கே உரிய சத்தம். எட்டுத் துண்டு என்று ரேகா பிறகு சொன்னாள். வார்டனம்மாவே உட்கார்ந்து கிழித்தாராம். குழந்தைக்கு இடுப்பில் ஒன்று, உடம்பைச் சுற்றி இரண்டு, தலைக்கு ஒன்று, மாற்றுக்கு மீதி. கால் மணி நேரத்தில் அது பால் குடிக்க வாய் தேடியது என்று ரேகா வெளியே வந்து சொன்னபோது அவள் முகக்கவசமே நனைந்திருந்தது. சுரேஷ்பாபு டேப்லெட்டை மூடிவிட்டு, எங்கிருந்தோ எனக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை.

கதவு திறந்தது. வார்டனம்மா கிளிப்பச்சைப் புடவையில், ரோஸ் பார்டர் தரையில் உரச, விறைத்த கொசுவம் ஆளுக்கு முன்னால் ஒரு முழம் நடக்க, வெளியே வந்தார். வாழ்க்கையில் சாம்பல், காவி, வெளுத்த நீலம் தவிர வேறு நிறம் கட்டாத மனுஷி. பின்னால் கமலம்மா பெண்ணுக்கு அலங்காரம் செய்து அனுப்புகிறவள் மாதிரி நின்றாள். நான் சிரிப்பை அடக்க டீ கிளாஸுக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

"சிரிச்சிடு தியோடரு, இல்லாட்டி பொறையேறிக்கும்" என்றார்.

வழி சரியாகி நாங்கள் கிளம்பும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. வண்டியில் வழக்கமாக வருகிற திட்டு அன்று வரவில்லை. புத்தூர் தாண்டிய பிறகு ஒருமுறை மட்டும், "கேசியா கோச்சிக்கினு இருப்பாளா?" என்று கேட்டார். இருப்பாள் என்றேன். பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை அவரே எங்கள் வீட்டுக்கு வந்து கேசியாவைக் கோயில் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்பது மூட்டையையும் பிரித்தார்கள். ஒவ்வொரு துணியையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சொரசொரப்பானதை ஒரு பக்கம், மெத்தென்று இருந்ததை ஒரு பக்கம் போட்டார்கள். என் பழைய வேட்டிகள் எல்லாம் தேறிவிட்டன. கட்டினவன் யோக்கியனா என்று வார்டனம்மா கேட்டதாகவும், சுமார்தான் என்று கேசியா சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மாசமாக இருந்த இன்னும் நான்கு பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். துர்காதேவியின் குழந்தை அதற்குள் எடை கூடியிருந்தது. அழுகையும் கூடியிருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு, அப்பமும் ரசமும் எடுக்கிற திருவிருந்து ஆராதனை. எங்கள் சபையில் அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் வெள்ளைப் புடவையில்தான் வருவார்கள். கோயிலின் இடது பக்கம் முழுக்க வெள்ளை. முதல் பாட்டு பாதி ஆகும்போது, அந்த வெள்ளைக்கு நடுவே கிளிப்பச்சையும் ரோஸுமாக வார்டனம்மா நடந்து வந்தார். பாட்டு கொஞ்சம் தடுமாறியது. ஆர்கன் வாசிக்கிற எலிசா திரும்பிப் பார்த்து ஒரு கட்டையைத் தப்பாக அழுத்திவிட்டான்.

போதகர் மனைவி பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டார். பாட்டு முடிந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டார், "புதுசா வார்டனம்மா? ஏது?"

"குடுத்தாங்க" என்றார் வார்டனம்மா, நான்கு வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

"யாரு?"

"வெள்ளத்துல வூடு போனவங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.